வழுக்குவது வேறு, தேயாதிருப்பது வேறு

நான்ஸ்டிக் தோசைக்கல்லின் பூச்சாக நாம் அறிந்த டெஃப்லானை எஃகுத் தகட்டின் மேல் வைத்து மெல்ல இழுத்தால், அதன் மேல் ஏற்றிய எடையில் பத்தில் ஒரு பங்கு விசைகூடத் தேவைப்படாது. எண்ணெயோ கிரீஸோ இல்லாமல் இவ்வளவு எளிதாக வழுக்கும் திடப்பொருள்கள் மிகச் சில. அப்படியானால் எண்ணெய் விடமுடியாத இயந்திரங்களில் எல்லாம் இதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கலப்பில்லாத டெஃப்லானில் ஒரு பிஸ்டன் ரிங் செய்து, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் அழுத்தத்தில், நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால், ஒரு மணி நேரம் ஆவதற்குள் அது ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கும்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேலே வரப்போகும் எல்லாமே இதை ஒட்டித்தான் நகரும். தேய்மானத்தை அளக்க, ஒரு நியூட்டன் சுமையில் ஒரு மீட்டர் தூரம் தேய்த்தால் எத்தனை கன மில்லிமீட்டர் பொருள் போகிறது என்று பார்ப்பார்கள். இதற்குத் தேய்மான வீதம் என்று பெயர். 1953-இல் ஆர்ச்சர்டு எழுதிய சமன்பாடு இதன் அடிப்படை. கலப்பில்லாத டெஃப்லானுக்கு இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நிலைமை மோசமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீதத்தை அழுத்தத்தாலும் வேகத்தாலும் பெருக்கினால் நொடிக்கு எவ்வளவு தடிமன் போகிறது என்பது கிடைத்துவிடும்.

இப்போது அந்த வீதத்தை நூறில் ஒன்றாகக் குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்க மிகச் சிறிய எண். இந்த வீதத்தில் அதே ரிங் 8,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஓராண்டு ஓடினால் 86 மில்லிமீட்டர் போகும். அவ்வளவு தடிமனில் ரிங்கே கிடையாது. ஓராண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கவேண்டுமென்றால் வீதம் பத்துக் கோடியில் ஒரு பங்காக இறங்கவேண்டும். ஆற்றல் துறைக்காகப் பாலிமர் உராய்வை ஆராயும் முனைவர் பட்ட மாணவர் முதல் நாளே மோதிக்கொள்ளும் சுவர் இதுதான். உராய்வு குறைவாக இருக்கிறது என்பது அவருக்கு அங்கே பெரிதாக உதவாது.

வழுக்கும் பொருள் ஏன் இப்படித் தேய்கிறது என்பதற்கு 1964-இல் கேம்பிரிட்ஜில் மேக்கின்சனும் டேவிட் டேபரும் விளக்கம் தந்தார்கள். டெஃப்லான் மூலக்கூறு நீண்ட கார்பன் சங்கிலி. அதைச் சுற்றி ஃபுளூரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்தியிருக்கின்றன. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை எதுவும் இல்லை. எனவே ஒரு சங்கிலியின் மேல் இன்னொன்று தடையின்றி நகர்ந்துவிடும். எஃகின் மேல் தேய்க்கும்போது மேல் அடுக்குகள், கட்டுத் தளர்ந்த வெற்றிலைக் கவுளிபோல், ஒன்றன்மேல் ஒன்று சரிந்து எஃகில் போய் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு டெஃப்லான் டெஃப்லான் மேலேயே ஓடுகிறது. உராய்வு குறைந்துபோவதன் காரணம் அதுதான். ஆனால் அந்தப் படலம் எஃகை இறுகப் பிடிப்பதில்லை. வேகம் கூடினால் உரிந்து வெளியேறும், புதிய அடுக்கு வந்து ஒட்டும், அதுவும் உரியும். சோதனை முடிந்து தட்டைப் பார்த்தால் ஓரமெல்லாம் செதில் செதிலாக வெள்ளைத் துணுக்குகள் குவிந்து கிடக்கும். எந்த இயல்பால் அது வழுக்குகிறதோ அதே இயல்பால்தான் தேய்கிறது.

இதற்குத் தொழிற்சாலைகள் கண்ட வழி, கண்ணாடி இழை, கார்பன், கிராஃபைட், வெண்கலத் தூள் என எதையாவது டெஃப்லானில் கலப்பது. தேய்மானம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு குறைந்தது. கடினமான துகள் சுமையைத் தாங்குகிறது, செதில் பெரிதாக உரியாமல் தடுக்கிறது என்று விளக்கினார்கள். விளக்கம் தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை என்பது தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

2006-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பர்ரிஸ், சாயர் இருவரும் நுண்ணிய அலுமினாத் துகளை டெஃப்லானில் மிகச் சிறிதளவே கலந்தார்கள். தேய்மான வீதம் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. சிறிதளவு துகள் எப்படிச் சுமையைத் தாங்கும்? பிந்தைய ஆண்டுகளில் அதே குழு, எஃகின் மேல் உருவாகும் படலம் பழுப்பு நிறத்தில் இருப்பதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. தேய்க்கும்போது டெஃப்லான் சங்கிலி அறுபடுகிறது. அறுபட்ட முனை காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீராவியோடும் வினைபுரிந்து கார்பாக்சிலிக் அமில முனையாகிறது. அந்த முனை எஃகிலுள்ள இரும்பையும் துகளிலுள்ள அலுமினியத்தையும் வேதிப்பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. படலம் இனி உரியாது. எதனோடும் ஒட்டாதது என்று பெயரெடுத்த பொருள், தேய்க்கத் தேய்க்க ஒட்டக் கற்றுக்கொள்கிறது. இதே கலவையை வெற்றிடத்தில் ஓட்டியபோது தேய்மானம் மீண்டும் ஏறிவிட்டது. கொஞ்சம் நீராவியை உள்ளே விட்டதும் இறங்கியது. ஆக, அந்த அற்புதமான எண் டெஃப்லானுக்கோ அலுமினாவுக்கோ சொந்தமானதில்லை. பாலிமர், துகள், எஃகு, ஈரக்காற்று நான்கும் சேர்ந்து நடத்திய வினையின் விளைவு அது. ஒன்று இல்லாவிட்டால் எண்ணும் இல்லை. பொருள் விற்பவர்களின் அட்டவணையில் ஒரு பாலிமருக்கு நேராகத் தேய்மான வீதம் என்று ஒற்றை எண் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

காற்றும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்பது பொறியாளர்களுக்கு இரண்டாம் உலகப் போரின்போதே கசப்பான வழியில் தெரிந்த செய்தி. அப்போது விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியிருந்தன. அவற்றின் ஜெனரேட்டரில் இருந்த கார்பன் பிரஷ்கள், தரையில் நெடுங்காலம் உழைப்பவை, அந்த உயரத்தில் சில மணி நேரத்தில் பொடியாகிப் போயின. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் சாவேஜ் இதை ஆராய்ந்து, கிராஃபைட் வழுக்குவதற்கு நீராவி தேவை என்று 1948-இல் எழுதினார். உயரத்தில் காற்று வறண்டிருந்தது, அவ்வளவுதான். மாலிப்டினம் டைசல்ஃபைடு இதற்கு நேர்மாறு. அது வெற்றிடத்தில் நன்றாக வழுக்கும், ஈரத்தில் கெடும்.

எண்பதாண்டுகள் கழித்து அதே கேள்வி ஹைட்ரஜன் நிலையங்களில் வந்து நிற்கிறது. ஹைட்ரஜன் காரின் தொட்டியில் வாயு 700 பார் அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. நிலையத்தின் கம்ப்ரஸர் அதற்கும் மேலே அழுத்தவேண்டும். சாதாரணக் கம்ப்ரஸராக இருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுவிடலாம். இங்கே முடியாது. காரின் எரிபொருள் கலத்திலுள்ள பிளாட்டினம் வினையூக்கி அழுக்கைத் தாங்காது. கார்களுக்கான ஹைட்ரஜனின் தூய்மையை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 14687 தரநிலை, பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஐந்துக்கு மேல் நீர் இருக்கக்கூடாது, ஐந்துக்கு மேல் ஆக்சிஜன் இருக்கக்கூடாது என்கிறது. கந்தகத்துக்கு இன்னும் கடுமையான வரம்பு. எனவே பிஸ்டன் ரிங்குகள் எண்ணெயில்லாமல் ஓடவேண்டும். அதற்கு எடுபடுவது டெஃப்லான், பீக், பாலிஇமைடு போன்ற பாலிமர்களின் கலவைதான்.

நம் ஊர்ப் புழுக்கத்தில், 30 டிகிரி வெப்பத்தில், காற்றில் பத்து லட்சத்துக்கு முப்பதாயிரம் அளவுக்கு நீராவி இருக்கும். அந்தக் காற்றில் சோதித்துச் சிறந்தது என்று தேர்ந்தெடுத்த ரிங், ஐந்து மட்டுமே உள்ள இடத்துக்குப் போகிறது. படலத்தை எஃகோடு பிணைத்த ஆக்சிஜனும் இல்லை, நீரும் இல்லை. எஃகின் மேல் இயல்பாக உருவாகும் ஆக்சைடு தோல்கூடத் தேய்ந்தால் மறுபடி வளர வழியில்லை. பெர்லினிலுள்ள ஜெர்மன் அரசின் பொருளாய்வு நிறுவனமான பாம், ஜப்பானில் ஃபுகுவோகாவிலுள்ள கியூஷு பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் இருபதாண்டுகளாக இதையே குடைந்துகொண்டிருக்கின்றன. சோதனைக் கருவியை மொத்தமாக வாயு புகாத அறைக்குள் வைத்து, உள்ளே விடும் ஹைட்ரஜனின் ஈரத்தைப் பத்து லட்சத்தில் பங்காக அளந்து கட்டுப்படுத்துகிறார்கள். ஈரத்தின் அளவு சிறிது மாறினாலும் எஃகின் மேல் படியும் படலத்தின் தோற்றம் மாறுகிறது, தேய்மானமும் மாறுகிறது. கிராஃபைட் கலந்த பாலிஇமைடு போன்றவை ஹைட்ரஜனில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வழுக்கின. வறண்ட இடத்தில் கிராஃபைட் கெடும் என்ற பாடத்தை அப்படியே ஹைட்ரஜனுக்குக் கொண்டுபோக முடியாது என்று இதிலிருந்து தெரிகிறது. திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலையான கழித்தல் 253 டிகிரியில் கதை இன்னும் மாறும். பாலிமர் இறுகி விறைத்துப்போவதால் எஃகோடு உண்மையில் தொடும் பரப்பே சுருங்கிவிடுகிறது.

இந்த ஆய்வுகள் ஏன் நான்கைந்து ஆண்டுகளை விழுங்குகின்றன என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற வீதத்தை அளப்பது எப்படி என்று யோசித்தால் புரியும். சுழலும் எஃகுத் தட்டின் மேல் விரல்நுனி அளவுள்ள பாலிமர் குச்சியை 50 நியூட்டன் சுமையில் அழுத்துகிறோம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகம். மூன்று மணி நேரத்துக்குள் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிடும். போன பொருள் எவ்வளவு? ஒரு கன மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. எடையில் சொன்னால் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு அளவு. நல்ல ஆய்வகத் தராசு தடுமாறும் இடம் அது. சரி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் என்றால் ஒரே ஒரு சோதனைக்குப் பதினோரு நாளுக்கு மேல் இரவும் பகலும் ஓடவேண்டும். ஒரே சோதனையை மூன்று முறையாவது திரும்பச் செய்யாமல் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்து கலவை, இரண்டு எஃகு, மூன்று ஈர அளவு என்று எடுத்தால் அதற்குமேல் கணக்குப் போட வேண்டியதில்லை.

தண்ணீரில் செய்யும் சோதனையில் இன்னொரு தொல்லை. பாலிமர் தண்ணீரைக் குடிக்கும். பீக் போன்ற நல்ல பாலிமர்கூடத் தன் எடையில் அரை சதவீதம்வரை உறிஞ்சும். நைலான் இதைவிடப் பல மடங்கு. ஒரு கிராம் எடையுள்ள பீக் குச்சி ஐந்து மில்லிகிராம் தண்ணீரைக் குடித்திருக்க, தேய்ந்து போனது அதில் ஐநூறில் ஒரு பங்காக இருந்தால் தராசு என்ன சொல்லும்? சோதனைக்குப் பின் குச்சியின் எடை கூடியிருக்கும். தேய்ந்த பொருள் கனத்துவிட்டது! அதனால் ஒவ்வொரு குச்சியோடும் அதன் உடன்பிறப்பாக இன்னொரு குச்சியை, தேய்க்காமல், அதே தண்ணீரில் அதே நேரம் ஊறவைத்து, அது கூடிய எடையைக் கழித்துக்கொள்வார்கள். அல்லது எடையை விட்டுவிட்டு உயரம் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். அப்போது வெப்பத்தால் விரிவது, சுமையால் மெல்ல நசுங்குவது இரண்டும் குறுக்கே வந்து நிற்கும். முனைவர் ஆய்வேடுகளில் முறைகள் பற்றிய அத்தியாயத்தை எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தத் துறையில் முதலில் படிக்கவேண்டியது அதுதான் என்பேன்.

தண்ணீரில் இந்தச் சோதனைகள் எதற்கு என்றால், நீர்மின்சாரத்துக்கு. சுவீடனின் வடகோடியில் லூலியோ நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் பேரிங் பற்றி வரிசையாக முனைவர் ஆய்வுகள் நடந்தன. அந்நகரின் வழியாகக் கடலில் சேரும் ஆற்றில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, 1915-இலேயே போர்யூஸ் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு ஆறுகளிலிருந்து வருகிறது. காற்றாலைகள் பெருகியதும் அந்த ஆறுகளின் வேலை மாறிவிட்டது. முன்பு டர்பைனை ஓடவிட்டால் வாரக்கணக்கில் அது நிற்காது. இப்போது காற்று வீசினால் நிறுத்து, ஓய்ந்தால் ஓட்டு என்றாகிவிட்டது. காற்றாலை மிகுந்த தமிழ்நாட்டில் கடம்பாறை நீரேற்று நிலையத்தின் இயந்திரங்கள் ஒருபடி மேலே போய், மின்சாரம் எடுக்கும்போது ஒரு திசையிலும் நீரை மேலே ஏற்றும்போது எதிர்த் திசையிலும் சுற்றுகின்றன.

பேரிங்குக்கு ஓட்டம் பெரிய சிரமம் இல்லை. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலி முழுவேகத்தில் சுற்றும்போது, அதற்கும் கீழேயுள்ள தட்டுகளுக்கும் இடையில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப்படலம் தானாகவே உருவாகித் தாங்கிக்கொள்ளும். ஆல்பர்ட் கிங்ஸ்பரி வடிவமைத்த இவ்வகைப் பேரிங் ஒன்று 1912-இல் அமெரிக்காவின் சஸ்குவஹன்னா ஆற்றில் ஹோல்ட்வுட் நிலையத்தில் பொருத்தப்பட்டது. 150 டன்னுக்கு மேல் தாங்கிக்கொண்டு பல தலைமுறை உழைத்தது. ஆபத்து, புறப்படும் நொடியிலும் நிற்கும் நொடியிலும்தான். நிற்கும்போது எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். நீண்ட நேரம் நின்றால் உலோகம் உலோகத்தின் மேல் உட்காரும். அந்த நிலையிலிருந்து கிளப்பும்போது தட்டின் மேலுள்ள வெள்ளீயக் கலப்பான பேபிட் உலோகம் இழுபட்டுக் கிழியும். இதைத் தவிர்க்கப் புறப்படுமுன் உயரழுத்தப் பம்ப்பால் எண்ணெயைச் செலுத்திச் சுழலியைத் தூக்கிப்பிடிப்பார்கள். பம்ப் கெட்டால் டர்பைன் கிளம்பாது.

சோவியத் யூனியனில் பேபிட் பேரிங்குகள் அடிக்கடி கெட்டுப்போனதால் 1970-களில் வேறொரு வழி கண்டார்கள். வெண்கலக் கம்பிச் சுருளை மெத்தைபோல் அழுத்தி, அதன் மேல் டெஃப்லானைப் பதித்து, அடியில் எஃகுத் தட்டோடு பற்றவைத்தார்கள். நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது டெஃப்லானின் உராய்வு பேபிட்டைவிட மிகக் குறைவு. தூக்கிப்பிடிக்கும் பம்ப் தேவையில்லாமல் போயிற்று. கூடவே எதிர்பாராத இரண்டு விளைவுகள். டெஃப்லான் வெப்பத்தைக் கடத்துவது எஃகைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு குறைவு. அதனால் எண்ணெய்ப்படலத்தின் சூடு கீழே எஃகுத் தட்டுக்கு இறங்காமல், தட்டு வளையாமல் இருக்கிறது. அதே காரணத்தால் தட்டில் செருகிய வெப்பமானி படலத்தின் உண்மையான சூட்டைக் காட்டுவதும் இல்லை. பேபிட்டில் அபாயமணி அடிக்கும் எல்லையை இங்கே வைத்தால், மணி அடிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். பொருளை மாற்றும்போது அதைக் கண்காணிக்கும் முறையையும் மாற்றவேண்டும் என்பதை லூலியோ ஆய்வுகளைப் படித்தால் விளங்கிக்கொள்ளலாம். இங்கே டெஃப்லானுக்குத் தேய்மானம் பெரிய கவலையில்லை. ஓட்டத்தின் மிகப்பெரும்பகுதி எண்ணெயின் மேல்தான். கம்ப்ரஸர் ரிங்கில் தோற்ற பொருள் இங்கே ஜெயிக்கிறது.

இன்னொரு இடத்தில் எண்ணெயே வேண்டாம் என்கிறார்கள். காப்லன் டர்பைனின் இலைகளைத் திருப்பும் பொறியமைப்பு நடுக்குமிழுக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். சீல் தேய்ந்தால் எண்ணெய் ஆற்றில் கலக்கும். அங்கே பாலிமர் புஷ்களைப் போட்டு, எண்ணெய்க்குப் பதில் தண்ணீரையே நிரப்பிவிடலாம். ஆனால் தண்ணீர், எஃகின் மேல் படியும் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். வறண்ட இடத்தில் பெயரெடுத்த கலவைகள் பல தண்ணீரில் தோற்பது அதனால்தான். கண்ணாடி இழை கலந்தவை தம் எதிர்ப்பக்கத்து எஃகையே சுரண்டிவிடும். கார்பன் இழை கலந்தவை பரவாயில்லை. செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படும் மிகுமூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன், படலத்தை அவ்வளவாக நம்பியிராததால், தண்ணீரில் நன்றாகவே உழைக்கிறது.

2023 ஜனவரியில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள், இயற்கையில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தவேண்டும் என்று ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் முன்மொழிந்தன. டெஃப்லானும் அதில் அடங்கும். அந்த முன்மொழிவின் மேல் வந்த கருத்துகள் 5,600-க்கும் அதிகம். பேரிங்குக்காக டெஃப்லானை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த சுவீடனும், ஹைட்ரஜன் ரிங்குக்காக ஆராய்ந்த ஜெர்மனியும் அந்த ஐந்தில் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. டெஃப்லானைத் தயாரிக்கும் வழியில் சூழலில் சேர்ந்தவற்றின் கணக்கு வேறு ஏட்டில் எழுதப்படுகிறது.

மாற்று என்று முதலில் எல்லாரும் கைகாட்டுவது பீக். 343 டிகிரியில்தான் உருகும், வலுவானது. ஆனால் பேரிங்குக்கென்று விற்கப்படும் வழக்கமான பீக் கலவையில் பத்து சதவீதம் கார்பன் இழை, பத்து சதவீதம் கிராஃபைட். இன்னொரு பத்து சதவீதம் டெஃப்லான். அதை எடுத்துவிட்டால் உராய்வு ஏறும். பாலிஎத்திலீன் ஆற்றுத் தண்ணீருக்குச் சரி. 135 டிகிரி அளவில் உருகிவிடும் அதைச் சூடேறும் கம்ப்ரஸருக்குள் வைக்கமுடியாது. நீர்மின் நிலையத்தின் பெரிய பேரிங்குகளில் பீக் பதித்த தட்டுகள் ஓடுகின்றன, சுமையும் தாங்குகின்றன. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதன் உராய்வு டெஃப்லானைவிட அதிகம். தினமும் பலமுறை நின்று புறப்படும் நிலையமாக இருந்தால், கழற்றி ஓரமாக வைத்த எண்ணெய்ப் பம்ப்பைத் திரும்பப் பொருத்த வேண்டிவரும்.